ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை: கல் வீட்டின் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் வழிமுறை

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று ஏசி பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம் ஒரே முறைப்பாட்டைத்தான் கேட்கிறேன். இயந்திரம் ஓடுகிறது, அறை குளிரவில்லை, மின் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. வாயு நிரப்பித் தரும்படி கேட்பார்கள். அல்லது 9,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசியைக் கழற்றிவிட்டு 18,000 பூட்டச் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் இயந்திரத்தில் எந்தப் பிழையும் இருப்பதில்லை. அறைதான் ஓட்டையாக இருக்கிறது.

நம் கல் வீடுகள் காற்று உள்ளே வந்து வெளியே போகவேண்டும் என்றே கட்டப்பட்டவை. கடற்காற்றுக்காக யன்னலுக்கு மேல் துவாரம் விட்டார்கள், சீலிங்கிற்கு மேல் சுவரைப் பூசாமல் விட்டார்கள். மின்விசிறி மட்டும் இருந்த காலத்தில் அது சரியான கட்டுமானம். அதே அறையில் ஏசியைப் பூட்டினால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று வெளியே போகிறது, ஈரமும் சூடும் கலந்த காற்று உள்ளே வருகிறது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது பல வீட்டுக்காரர்கள் இதை முதன்முறையாக உணர்ந்தார்கள். பிறகு கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரிய ஏசி வாங்குவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

## தொடங்குமுன்

முழு வீட்டையும் அடைக்க நினைக்காதீர்கள். ஏசி ஓடுகிற அறை எது என்று தீர்மானித்து அந்த ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக்கூடாது. எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். 2021 இறுதியில் நாடெங்கும் சிலிண்டரோடு தொடர்புபட்ட வெடிப்புகள் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சமையலறைக் கதவின் கீழ் இடைவெளியும் தாழ்வான துவாரங்களும் திறந்தே இருக்கட்டும்.

சோதனைக்கு ஊதுபத்தி ஒரு கட்டு, டோர்ச், பென்சில், ஒட்டு நாடா இருந்தால் போதும். காற்று அதிகம் வீசாத நேரத்தில் அறையின் யன்னல்களையும் கதவையும் பூட்டுங்கள். ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். அறையோடு ஒட்டிய குளியலறை இருந்தால் அதன் வெளியேற்று விசிறியைப் போட்டுவிட்டு, குளியலறையின் யன்னலை மூடி, உட்கதவைத் திறந்து வையுங்கள். குளியலறை இல்லையென்றால் சமையலறை விசிறியைப் போட்டு, இடையில் உள்ள கதவுகளைத் திறந்து, வீட்டின் மற்ற யன்னல்களைப் பூட்டுங்கள். விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது, அதை ஈடுசெய்ய இடுக்குகள் வழியாகக் காற்று உள்ளே வரும். சந்தேகமான இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் அங்கே கசிவில்லை. அறைப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டே இதைச் செய்யுங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள். பலர் கதவடியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெரிய கசிவு பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

## ஏசி நிற்காமல் ஓடுகிறது, அறை குளிரவில்லை

இயந்திரத்தைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். வெளி இயந்திரத்தின் முன்னால் துணி காய்கிறதா, பூச்சாடி நிற்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசிக்குள் போகிற காற்றின் வெப்பநிலையையும் வாயிலிருந்து வருகிற காற்றின் வெப்பநிலையையும் சாதாரண வெப்பமானியால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 8 முதல் 12 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அதைவிடக் குறைவென்றால் ஏசி பழுதுபார்ப்பவரை அழையுங்கள். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

### கதவின் அடி

900 மில்லிமீற்றர் அகலக் கதவின் கீழ் 15 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், சுவரில் 12 சென்ரிமீற்றருக்குச் சற்றே குறைந்த சதுரத் துளையைப் போட்டதற்குச் சமம். சுவரில் அப்படி ஒரு துளையை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். கதவடியில் இருக்கும்போது மட்டும் கண்ணில் படுவதில்லை. ஹாட்வெயர் கடைகளில் கிடைக்கிற தூரிகைப் பட்டியை அல்லது ரப்பர் பட்டியைக் கதவின் அடியில் அறையுங்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவில் நீளமாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கதவு நிலையின் மூன்று பக்கமும் ஒட்டுகிற நுரைப் பட்டியை ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பலகைக் கதவு ஊதும் என்பதால், வரண்ட நாளில் தடித்த பட்டி ஒட்டினால் ஒக்டோபர் மழையில் கதவு பூட்டுப்படாது. மெல்லிய பட்டியே போதும்.

### யன்னலுக்கு மேலுள்ள துவாரம்

பழைய வீடுகளில் இதுதான் அடுத்த ஓட்டை. பலகைச் சட்டத்துக்குள் கம்பி வலை, அல்லது துளையிட்ட சீமெந்துக் கல். மேசனைக் கூப்பிட்டுச் சாந்து அடித்து நிரந்தரமாக மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படி ஒரு நாளில் அந்தத் துவாரம் உங்களுக்குத் தேவைப்படும். உட்பக்கத்தில் கண்ணாடியையோ பொலிகாபனேற்றுத் தகட்டையோ பிணைச்சலில் பொருத்தி, ஓரத்தில் நுரைப் பட்டி ஒட்டி, கொக்கி போட்டுவிடுங்கள். வேண்டும்போது திறக்கலாம். நுளம்பு வலை இருந்தால் அதை எடுக்கவேண்டாம்.

### ஏசிக் குழாய் போகும் துளை

இயந்திரத்தைப் பூட்டுகிறவர்கள் சுவரில் பெரிய துளை போட்டுக் குழாயை நுழைத்துவிட்டு, ஒரு பிடி வெள்ளைக் களியை அப்பிவிட்டுப் போவார்கள். அது காய்ந்து சுருங்கி உதிர்ந்துவிடும். இயந்திரத்தின் பின்னால் இருப்பதால் வருடக்கணக்காக யாரும் பார்ப்பதில்லை. வெளியே நின்று பார்த்து, களி உதிர்ந்திருந்தால் டப்பாவிலிருந்து பீச்சும் அடைப்பு நுரையை உள்ளே அடித்து, காய்ந்தபின் வெளிமுகத்தை மட்டமாக வெட்டி, சாந்தாலோ பொலியுரேத்தேன் பசையாலோ மூடுங்கள். நுரையை அப்படியே வெயிலில் விட்டால் தூளாகிவிடும், எறும்பும் குடியேறும். துளை வெளிப்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்நோக்கித் தாழ்ந்திருந்தால் மழைநீர் குழாயோடு அறைக்குள் வரும்.

### யன்னல்

சறுக்கு அலுமினிய யன்னலில் இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் உள்ள மயிர்ப்பட்டி தேய்ந்துபோயிருக்கும். அலுமினிய வேலை செய்கிறவர் ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவார். அடிச்சட்டத்தில் உள்ள சிறு துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். அவை மழைநீர் வெளியேறும் வழிகள்.

கண்ணாடித் தட்டுகளாக அடுக்கிய லூவர் யன்னல் என்றால் அதை அடைத்துப் பயனில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் கசியும். உட்பக்கத்தில் திறக்கக்கூடிய இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடுவதே வழி.

யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலான கோட்டையும் பாருங்கள். பூச்சு பலகை நிலையைத் தொடுகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு எப்போதும் இருக்கும். உட்பக்கம் வர்ணம் பூசக்கூடிய அக்ரிலிக் பசை, வெளிப்பக்கம் பொலியுரேத்தேன் அல்லது நடுநிலைச் சிலிக்கன். புளித்த வினாகிரி மணம் வரும் மலிவான சிலிக்கனைச் சீமெந்தில் போடாதீர்கள். அதன் அமிலம் சீமெந்துப் பரப்பை அரித்துவிடும், பிடிப்பு விட்டுப்போகும்.

### சீலிங்கிற்கு மேல்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கிறீற் தட்டுக்குக் கீழ் உள்ள அறைக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் பொருந்தாது. ஓட்டுக் கூரையோ அஸ்பெஸ்டஸ் கூரையோ உள்ள மேல்மாடியில் இருக்கிறவர்கள் எவ்வளவு வேலைகளைச் செய்தாலும், இதைச் செய்யாமல் பலன் காணமாட்டார்கள்.

செங்கல்லோ சீமெந்துக் கல்லோ தன்னளவில் காற்றைத் தடுப்பதில்லை. கல்லுக்குள் நுண்துளைகள் இருக்கின்றன. நெடுக்கு மூட்டுகளில் சாந்து முழுமையாக நிரம்புவதும் அரிது. காற்றைத் தடுப்பது மேலே பூசிய பூச்சுத்தான். நம் மேசன்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் பூசுகிறார்கள். சீலிங்கிற்குச் சற்று மேலே பூச்சு நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் கல். உள்ளே பொள்ளலான கல் என்றால் சுவரின் தலையில் அந்தப் பொள்ளல்கள் திறந்தே கிடக்கும். கூரைக்குக் கீழ் கொதிக்கிற காற்று அதற்குள் இறங்கி, சுவருக்குள்ளேயே நடந்து, சுவிட்ச் பெட்டி வழியாக உங்கள் அறைக்குள் வரும். அடுக்களைக் கப்போர்டுக்குப் பின்னாலும், படிக்கட்டுக்கு அடியிலும், உட்சுவரில் பதித்த அலுமாரிக்கு உள்ளேயும் இதே கதைதான். பூசாமல் விட்ட இடமெல்லாம் ஓட்டை.

அதிகாலையில் ஏறிப் பாருங்கள். நண்பகலில் அங்கே நிற்க முடியாது. உத்தரத்தில் மட்டும் கால் வையுங்கள், சீலிங் தகட்டில் வைத்தால் கீழே வந்துவிடுவீர்கள். அறைக்குள் ஒருவரை நிறுத்தி எல்லா விளக்கையும் போடச் சொல்லுங்கள். மேலே நீங்கள் இருட்டில் நின்று பார்த்தால், வெளிச்சம் வரும் ஒவ்வோர் இடமும் காற்று வரும் இடம். பதித்த விளக்குகளின் துளைகள், ஏறும் பொறிக்கதவின் விளிம்பு, மின்விசிறிக் கொக்கி, சீலிங் சுவரைத் தொடும் ஓரம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். பொறிக்கதவுக்கு நுரைப் பட்டியும் ஒரு கொக்கியும். சீலிங் ஓரத்துக்கும் தகடுகளுக்கு இடையில் அறைந்த பலகைச் சட்டத்தின் இரு விளிம்புக்கும் அக்ரிலிக் பசை. பதித்த விளக்கை மூடியில்லாத வகையிலிருந்து பின்பக்கம் மூடிய வகைக்கு மாற்றுங்கள். சூடேறும் பழைய விளக்கின் மேல் நுரை அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். அடுத்து மேசன் வேலை. சுவரின் தலையில் உள்ள பொள்ளல்களைச் சாந்தால் மூடி, சீலிங்கிற்கு மேலுள்ள வெறும் கல்லை ஒன்றுக்கு ஐந்து சீமெந்து மணல் கலவையால் பூசச் சொல்லுங்கள். அழகு தேவையில்லை, இடைவெளி இல்லாமல் இருந்தால் போதும். சுவர் கூரைவரை போகாமல் பாதியில் நின்று, இரண்டு அறைகளுக்கும் மேல் பொதுவான வெளி இருந்தால், சீலிங்கையே காற்றுத் தடுப்பாக எடுத்து அதை மட்டும் நன்றாக அடையுங்கள்.

கடைகளில் விற்கிற வெள்ளித்தாளைக் கூரைக்கடியில் விரித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலின் சூட்டைக் குறைக்கும், நல்ல பொருள்தான். ஆனால் காற்றை அது தடுக்காது. முதலில் ஓட்டைகளை அடையுங்கள், பிறகு தாளை விரியுங்கள்.

எப்போது ஆளை அழைக்கவேண்டும்: சீலிங்கோ கூரையோ அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் துளையிடுவது, அரம் போடுவது, காய்ந்த தூரிகையால் தேய்ப்பது எதையும் நீங்கள் செய்யாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பசை பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தகடு உடைந்திருந்தால், நனைத்துக் கழற்றத் தெரிந்தவரை அழையுங்கள்.

## குளிர்கிறது, ஆனால் பிசுபிசுப்பாக இருக்கிறது

வெப்பமானி 24 காட்டும், போர்வை ஈரமாக இருக்கும். இரண்டு காரணங்கள் உண்டு.

அறைக்கு அளவுக்கு மீறிப் பெரிய ஏசி பூட்டியிருந்தால் அது விரைவில் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை வெளியேற்ற அதற்கு நேரம் கிடைக்காது. ஓட்டை அறைக்கு மருந்தாகப் பெரிய ஏசி பூட்டியவர்களிடம் இந்த முறைப்பாட்டையே அதிகம் கேட்கிறேன்.

மற்றக் காரணம் கசிவு. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏசியின் நீர் வடியும் குழாயின் கீழ் இரவு முழுவதும் ஒரு வாளி வையுங்கள். முதல் ஒரு மணி நேர நீரைக் கொட்டிவிடுங்கள், அது அறையில் ஏற்கனவே இருந்த ஈரம். தூங்கும் பெரியவர்கள் இருவரின் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் ஒரு லீற்றருக்குக் குறைவாகவே நீர் தரும். காலையில் வாளியில் இரண்டு மூன்று லீற்றர் இருந்தால் மிகுதி வெளிக்காற்றோடு வந்தது. அந்த நீரை நாள்தோறும் கொட்டிவிடுங்கள், டெங்கு நுளம்பு அதில் முட்டையிடும்.

நீர் அதிகம் என்றால், ஊதுபத்தியை எடுக்குமுன் ஒன்றைச் செய்யுங்கள். ஒட்டிய குளியலறையின் வெளியேற்று விசிறி நாள் முழுவதும் ஓடுகிறதா என்று பாருங்கள். விளக்கோடு சேர்ந்த சுவிட்சில் இருந்தால் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியே தள்ளுகிற ஒவ்வொரு கன அடிக்கும் ஈடாக வெளியிலிருந்து ஈரக்காற்று உங்கள் அறைக்குள் வருகிறது. குளித்து முடித்துச் சிறிது நேரத்தில் நிறுத்துங்கள், குளியலறைக் கதவைப் பூட்டி வையுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம் போதுமாக இருந்த வீடுகள் உண்டு.

## சுவிட்ச் பெட்டியிலிருந்து சூடான காற்று வருகிறது

ஊதுபத்திப் புகை சுவிட்சைச் சுற்றிச் சாய்ந்தால், மின் கம்பி போகும் குழாய் சீலிங்கிற்கு மேல் திறந்து கிடக்கிறது என்று பொருள். சுவிட்ச் மூடியைச் சுற்றிப் பசை பூசினால் கசிவு இன்னொரு பெட்டிக்கு மாறும். மேல்முனையில்தான் அடைக்கவேண்டும். பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு, சீலிங்கிற்கு மேல் குழாய் வாயில் கம்பியைச் சுற்றி, இறுகாத மின் அடைப்புக் களியை வைத்து அமுக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் கம்பி இழுக்கவேண்டி வந்தால் அதைக் கிள்ளி எடுக்கலாம். சாந்து, நுரை எதுவும் வேண்டாம்.

இது மின்வல்லுநர் செய்யவேண்டிய வேலை. பெட்டிக்குள் கருகிய அடையாளமோ பச்சைத் துருவோ இருந்தால், காற்றை விட்டுவிட்டு அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சூடான ஈரக்காற்று குளிர்ந்த பெட்டிக்குள் நீராகப் படிந்து செம்பைத் தின்னும்.

## சுவரில் பூஞ்சணம், அலுமாரிக்குப் பின்னால் கறுப்பு

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில், "தம்பி, பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்திருக்கிறது, எங்கள் சுவர் நனைகிறது" என்று ஓர் அம்மா என்னை அழைத்தார். சண்டை தொடங்கும் நிலையில் இருந்தது. குழாய் உடையவில்லை. காற்று நீராகியிருந்தது. வெளிக்காற்று 28 பாகையில் 80 வீத ஈரப்பதனோடு இருந்தால், 24 பாகைக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். கொழும்பில் அப்படிப்பட்ட காற்று வருடத்தின் பெரும்பகுதியில் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ஓரடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் நாடாவால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள்.

### தாளின் முன்பக்கம் ஈரம்

அறைக் காற்றிலிருந்து வந்த ஈரம். ஏசியின் காற்று நேராக அந்தச் சுவரில் அடிக்கிறதா பாருங்கள், அடித்தால் திசையை மாற்றுங்கள். வெப்பநிலையை 26க்கு உயர்த்தி மின்விசிறியை மெதுவாகப் போடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளுங்கள். பிறகு கசிவைத் தேடுங்கள். தூணுக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பு, யன்னல் நிலை, சீலிங் ஓரம் ஆகியவையே முதற்சந்தேகம். பூஞ்சணம் ஒரு கோட்டைப் பின்பற்றிப் படர்ந்திருந்தால் அந்தக் கோடே கசிவு.

### தாளின் பின்பக்கம் ஈரம்

சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதைக் காற்று அடைப்பு தீர்க்காது, சில வேளை கூட்டிவிடும். தென்மேற்குப் பருவமழை அடிக்கும் கடற்பக்கச் சுவர் என்றால் வெளிப்பூச்சின் வெடிப்பைப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிவரை மட்டும் என்றால் நிலத்து ஈரம். குளியலறைச் சுவர் என்றால் குழாய். இந்த மூன்றில் எதுவானாலும் அடைப்பு வேலையை நிறுத்தி, அதைச் சரிசெய்தபின் தொடருங்கள்.

### சுவர்த்தாளுக்குப் பின்னால்

பளபளப்பான பிளாஸ்ரிக் சுவர்த்தாள் ஒட்டிய ஏசி அறைகள் இப்போது பெருகிவிட்டன. வெளியிலிருந்து சுவருக்குள் ஊடுருவும் ஈரம் குளிர்ந்த தாளின் முதுகில் முட்டி நிற்கிறது, உலர வழியில்லை. வெளிச்சுவரில் ஒட்டியிருந்தால் கழற்றுங்கள். இதற்கு வேறு மருந்து இல்லை. ஈரம் போகக்கூடிய வர்ணமே போதும். பழைய கபுக்கல் (செம்புரைக்கல்) வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதே எச்சரிக்கை. அதன்மேல் காற்றுப் புகாத வர்ணத்தைத் தடிப்பாகப் பூசினால் சுவர் உரிந்து விழும்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி துடைக்காதீர்கள், வித்துகள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம் போட்டு, சவர்க்கார நீரில் நனைத்துத் துடையுங்கள். வெளிற்றும் திரவத்தோடு வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்கவேண்டாம்.

எப்போது ஆளை அழைக்கவேண்டும்: வெடிப்பு 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருந்தாலோ, கல் மூட்டுகளைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கினாலோ, அடைத்தபின் மீண்டும் திறந்தாலோ மேசனுக்குப் பதிலாகக் கட்டடப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## கண்ணாடியின் வெளிப்புறம் நீர் கோர்க்கிறது

பயப்படவேண்டாம், கசிவில்லை. வெளிக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு நீராகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோர்த்தால் மட்டும் சட்டத்தைச் சோதியுங்கள்.

தொடர்மாடியில் மேல்வீட்டுத் தரை வியர்ப்பதும் இப்படித்தான். கீழ்வீட்டுக்காரர் ஏசியை 18இல் வைத்திருந்தால் கொங்கிறீற் தட்டு குளிர்ந்து, மேல்வீட்டில் தரைவிரிப்புக்கு அடியில் ஈரம் தேங்கும். போய்ப் பேசுங்கள். வெப்பநிலையைச் சற்று உயர்த்தும்படி கேட்பதே முதல் வழி.

## பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம், சாக்கடை நாற்றம்

தொடர்மாடிகளில் இது மூக்குக்கு எட்டும் கசிவு. வாசம் வரும் வழியில்தான் ஈரமும் வருகிறது.

சாக்கடை நாற்றம் என்றால், பாவிக்காத குளியலறையின் தரைவடிகாலில் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். உள்ளே தடுப்பாக நிற்கவேண்டிய நீர் காய்ந்திருக்கும். நாற்றம் நின்றால் மாதம் சில தடவை ஊற்றினால் போதும். நிற்கவில்லையென்றால் கைகழுவும் தொட்டியின் அடிக்குழாய் தரைக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வளையம்தான் மூடியிருக்கும், அதன் கீழ் திறந்த துளை.

சமையல் வாசம் என்றால் குழாய்கள் மேலும் கீழும் போகும் பொதுக் குழிக்குச் செல்லும் துளைகளைத் தேடுங்கள். தொட்டிக்கு அடியிலும், கழிப்பறைக்குப் பின்னாலும், சீலிங்கிற்கு மேலும் பாருங்கள். பழைய துணியைத் திணிக்காமல் சாந்தால் மூடுங்கள், அந்தக் குழி தீயையும் புகையையும் மாடிக்கு மாடி கொண்டுசெல்லும் வழி. பொதுக் குழியின் கதவும் சுவரும் கட்டட முகாமைக்குரியவை, அவர்களிடம் கேட்டே கை வையுங்கள்.

## விசில் சத்தம், கதவு தானாக அடிக்கிறது

கடற்கரையோர மாடிகளில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கேட்கும். யன்னலின் கொக்கி தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் கீற்று மூலையில் சுருங்கியிருக்கும். ரப்பரை இழுத்துப் பொருத்தாதீர்கள், மீண்டும் சுருங்கும். மூலையில் சற்று மிகுதியாக விட்டு வெட்டுங்கள். சட்டமே அசைந்தால் அலுமினிய வேலைக்காரரை உடனே கூப்பிடுங்கள். உயரமான மாடியில் அது கீழே போகிறவர்களின் உயிருக்கு ஆபத்து.

## அடைத்த பின் காலையில் தலை கனக்கிறது

நன்றாக அடைத்தவர்களுக்கு வரும் அறிகுறி. சுவரில் தொங்கும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, அறைக் காற்றையே சுழற்றுகிறது. சிறிய அறையில் இருவரும் ஒரு குழந்தையும் கதவைப் பூட்டிப் படுத்தால் விடியும்போது கரியமிலவாயு தேங்கியிருக்கும். அடைத்ததைக் கழற்றவேண்டாம். ஏசி போடுமுன் அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். இரவில், யன்னலுக்கு மேல் பொருத்திய அந்தத் திறக்கக்கூடிய மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். எங்கே, எவ்வளவு என்று நீங்கள் தீர்மானித்துத் திறப்பதும் தெரியாத நூறு இடுக்குகளில் கசிவதும் ஒன்றல்ல. மின் கட்டணத்தில் வித்தியாசம் தெரியும்.

தலைவலியோடு குமட்டலும் தலைச்சுற்றும் இருந்தால் இது வேறு விடயம். பல்கனியில் மின்பிறப்பாக்கி ஓடியதா, எரிவாயுவில் இயங்கும் நீர்ச்சூடேற்றி அருகில் இருக்கிறதா? யன்னலைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள், ஓடுகிற இயந்திரத்தை நிறுத்துங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. இந்த இரண்டில் ஒன்று வீட்டில் இருக்கும்வரை அதையொட்டிய அறையை அடைக்கவே வேண்டாம்.

## யாரை, எந்த வரிசையில் அழைப்பது

பட்டி, பசை, கொக்கி எல்லாம் நீங்களே செய்யலாம். கம்பிக் குழாய்க்கு மின்வல்லுநர், யன்னலுக்கு அலுமினிய வேலைக்காரர், சீலிங்கிற்கு மேல் மேசன். இவர்கள் வேலை முடியும்வரை புதிய ஏசிக்கு விலை கேட்கவே வேண்டாம். அடைத்த அறைக்குச் சிறியது போதும் என்று பிறகு தெரியவரும்.

முழு வீட்டையும் அல்லது அலுவலகத்தையும் ஏசிக்காகவே புதிதாகக் கட்டுகிறவர்கள், கதவு நிலையில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவை அளக்கும் சோதனையைக் கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். பசிவ் ஹவுஸ் எனப்படும் ஜெர்மானியத் தரம் அந்த அழுத்தத்தில் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் காற்று மாறக்கூடாது என்கிறது. கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழில் கட்டடம் அந்தத் தரத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நம் காலநிலையில் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அதைக் காட்டலாம். பூச்சு பூசிய பின் சீலிங் அடிப்பதற்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள். அப்போது கிடைக்கும் ஓட்டையை ஒரு சட்டி சாந்தில் மூடலாம்.

பழைய வீட்டுக்கு ஊதுபத்தியே போதும். மேசனிடம் வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: குறியிட்ட ஒவ்வோர் இடத்திலும் அவர் முன்னிலையில் மீண்டும் புகை பிடிக்கப்படும், புகை நேராக எழுந்த பின்னரே கடைசிப் பங்குக் கூலி. பூச்சு காய ஒரு வாரம் விட்டு, அதே விசிறியைப் போட்டு, அதே பென்சில் குறிகளில் பிடித்துப் பாருங்கள்.